இணைசேரும் பூச்சிகள்: பார்த்தறிவதும் பாடம் செய்வதும்

பூச்சி சேகரிப்பில் மதிப்பு மிகுந்த மாதிரி எது என்று கேட்டால், பெரும்பாலோர் அரிய வகை ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். நான் இணைசேர்ந்த நிலையில் பிடிபட்ட மிகச் சாதாரணமான ஒரு சோடியைத்தான் அதற்கு மேலாக வைப்பேன். ஆணும் பெண்ணும் நிறத்திலும் அளவிலும் வடிவிலும் அடியோடு வேறுபடும் பூச்சிகள் ஏராளம்; எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்பது அவை சேர்ந்திருக்கும் அந்தச் சிறிது நேரத்தில்தான் ஐயமின்றித் தெரியவருகிறது. 1758இல் உயிரினங்களுக்கு இரட்டைப்பெயர் சூட்டும் முறையை விலங்குகளுக்கு விரிவாக்கிய லின்னேயஸே, ஒரே வண்ணத்துப்பூச்சியின் இரு பாலையும் பாப்பிலியோ பாலிடெஸ் என்றும் பாப்பிலியோ பம்மோன் என்றும் இரண்டு இனங்களாகப் பதிந்துவைத்தார். முட்டிலிடே குடும்பத்துக் குளவிகளில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. அடர்ந்த மயிருடன் எறும்பு போலத் தரையில் ஓடித் திரியும். ஆணோ இறக்கையுடன் பறந்து செல்லும். அக்குடும்பத்தில் ஒரு பாலை மட்டும் வைத்து விவரிக்கப்பட்டு, மறுபால் எதுவென்று தெரியாமலே நிற்கும் இனங்கள் இன்றும் பல உள்ளன.

ஆனால் ஊசியில் குத்தி நிறுத்திய இரண்டு உடல்கள், தாம் சேர்ந்திருந்ததைத் தாமாகச் சொல்லமாட்டா. அதைச் சொல்ல வேண்டியது சீட்டும் குறிப்பேடும்தான். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தத் தொடர்பை அறுந்துபோகாமல் காப்பதைப் பற்றியதே.

முதலில் ஆண் எது, பெண் எது என்று அறிதல்

களத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு பூச்சிப் பிரிவிலும் பாலை எப்படிப் பிரித்தறிவது என்று பழகிக்கொள்ள வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். ஆண் கொசுவின் உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருக்கும். பெண்ணுடையதில் மயிர் அருகியிருக்கும். பாச்சையில் (சுவர்க்கோழியில்) பெண்ணின் பின்முனையிலிருந்து நீண்ட ஊசி போன்ற முட்டையிடும் குழல் நீட்டிக்கொண்டிருப்பதால் தவறுக்கு இடமே இல்லை. வெட்டுக்கிளியில் அது குட்டையான இரண்டு சோடி அலகுகளாக முடியும். ஆணின் வயிற்று நுனி படகின் முன்பக்கம்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். கும்பிடுபூச்சியின் வயிற்றை அடிப்பக்கமாகத் திருப்பிக் கண்டங்களை எண்ணினால் பெண்ணில் ஆறும் ஆணில் எட்டும் தெரியும். ஆண் தேனீயின் பெரிய கூட்டுக்கண்கள் உச்சந்தலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். பல ஈக்களிலும் இப்படியே. கொட்டும் குளவிகளிலும் தேனீக்களிலும் உணர்கொம்பின் கணுக்களை எண்ணுவது நம்பகமான வழி: பெரும்பாலும் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13.

அந்துப்பூச்சிகளில் பலர் கவனிக்கத் தவறும் ஓர் அடையாளம் உண்டு. முன்னிறக்கையையும் பின்னிறக்கையையும் கொளுவி வைத்திருக்கும் கம்பிமயிர் ஒன்று பின்னிறக்கையின் அடியில் இருக்கும். ஆணில் அது ஒற்றையான தடித்த மயிராகவும், பெரும்பாலான இனங்களின் பெண்ணில் இரண்டு அல்லது மேற்பட்ட மெல்லிய மயிர்களாகவும் இருக்கும். வயிறு உடைந்துபோன மாதிரியில்கூட இதைக் கொண்டு பாலைச் சொல்லிவிடலாம் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த அடையாளம்.

பிடிப்பதற்கு முன் பார்த்தல்

ஒரு சோடியைக் கண்டவுடன் வலையை வீசுவது ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் செய்யும் பிழை. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அசையாமல் நின்று, சேர்க்கை முடியும்வரை அல்லது குறைந்தது பத்து நிமிடமாவது கவனிக்க வேண்டும். யார் மேலே, யார் கீழே, ஒரே திசை நோக்கியா எதிர்த்திசை நோக்கியா, எந்தச் செடியில், வெயிலிலா நிழலிலா, அருகில் வேறு ஆண்கள் சுற்றுகின்றனவா என்பவற்றை அங்கேயே எழுத வேண்டும். வீடு திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதும் குறிப்பில், நாம் புத்தகத்தில் படித்ததும் கண்ணால் கண்டதும் கலந்துவிடும்.

ஊசித்தட்டான்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்க்கரைப் புல்லில் முன்னும் பின்னுமாக இணைந்து அமர்ந்திருக்கும் இரண்டில், முன்னால் இருப்பது ஆண். அது தன் வால்நுனிக் கொடுக்குகளால் பெண்ணின் கழுத்துப்புறத்தைப் பிடித்திருக்கும்; பெரிய தட்டான்களில் அந்தப் பிடி தலையில் விழும். இந்த நிலையை மட்டும் பார்த்து இனச்சேர்க்கை என்று எழுதிவிடக் கூடாது. ஆணின் விந்து வெளிப்படுவது வயிற்றின் ஒன்பதாம் கண்டத்தில். ஆனால் புணர்ச்சி உறுப்பு இருப்பதோ வயிற்றின் தொடக்கத்தில், இரண்டாம் கண்டத்தின் அடியில். ஆகவே ஆண் தன் வயிற்றை வளைத்து நுனியை அடிப்பகுதியில் ஒரு கணம் தொட்டு விந்தை இடம் மாற்றும். சில இனங்களில் பெண்ணைப் பிடிக்குமுன்பே இது நடந்துவிடும். அதன் பிறகு பெண் தன் வயிற்றை முன்னோக்கி வளைத்துக் கொண்டுவந்து அவ்விடத்தில் பொருத்தும்போதுதான் இரண்டும் சேர்ந்து சக்கரம்போல், ஊசித்தட்டானில் இதய வடிவம்போல் தோன்றும். அப்போது ஆணின் வயிற்றின் முன்பகுதியை உற்றுப் பாருங்கள். சீரான தாளத்தில் அது மேலும் கீழும் அசையும். அந்த அசைவுகளின் பெரும்பகுதி விந்து செலுத்துவதற்கானது அன்று. 1979இல் ஜோனதன் வாகே என்ற ஆய்வாளர் கலாப்டெரிக்ஸ் மக்குலாட்டா என்னும் ஊசித்தட்டானை ஆராய்ந்து, பெண்ணின் உடலில் முந்தைய ஆண் விட்டுச்சென்ற விந்தைச் சுரண்டி வெளியேற்றவே ஆண் தன் உறுப்பைப் பயன்படுத்துகிறது என்று காட்டினார். தன் விந்தைச் செலுத்துவது இறுதிச் சிறு கட்டத்தில்தான். சக்கர நிலை தொடங்கிய நேரம், தாள அசைவு நின்ற நேரம், பிரிந்த நேரம் மூன்றையும் தனித்தனியே குறிப்பவரின் ஏடு, வெறும் ‘சோடி கண்டேன்’ என்பதைவிடப் பலமடங்கு பயன்படும். பிரிந்த பின்னும் நகர வேண்டாம். பெண் முட்டையிடும்போது ஆண் அதைப் பிடித்தபடியே இருக்கிறதா, அருகில் பறந்து காவல் காக்கிறதா, விட்டுவிட்டுப் போகிறதா என்பது இனத்துக்கு இனம் மாறும்.

காவல் காப்பது தட்டானுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பெண்ணின் முதுகில் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் ஆண் வண்டோ குச்சிப்பூச்சியோ அவ்வளவு நேரமும் புணர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருளில்லை. வயிற்று நுனிகள் உண்மையிலேயே பொருந்தியிருக்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். பொருந்தவில்லையென்றால் ‘மேலே அமர்ந்திருந்தது’ என்றே எழுதுங்கள். மேலே ஏறுவது வேறு, சேர்வது வேறு. அதிலும் ஆண்கள் வேறொன்றைப் பெண்ணென்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜூலோடிமார்பா என்ற பெரிய வண்டின் ஆண்கள், சாலையோரம் கிடந்த பழுப்பு நிறப் பீர் புட்டிகளைப் பெண்ணென்று எண்ணிப் புணர முயன்றதை 1983இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். புட்டியின் பளபளப்பும் அடிப்பகுதியில் இருந்த சிறு புடைப்புகளும் பெண்ணின் இறக்கையுறையை ஒத்திருந்தன. புட்டிக்கே இந்த நிலை என்றால், நெருங்கிய உறவுடைய வேற்றினப் பெண் எம்மாத்திரம். எனவே சோடியாகக் கண்டது ஒரே இனம் என்பதற்கு வலுவான சான்றே ஒழிய, முடிந்த முடிவன்று. ஒரே வேறுபாட்டுடன் இரண்டு மூன்று சோடிகள் கிடைக்கும்போது நம்பிக்கை கூடும்.

சேர்க்கைக்கு முந்தைய அழைப்பையும் கவனிக்கலாம். பாச்சை முன்னிறக்கைகளை ஒன்றோடொன்று உரசியும், பல வெட்டுக்கிளிகள் பின்னங்காலை இறக்கையில் தேய்த்தும் ஒலி எழுப்புகின்றன. பாச்சையின் செவி முன்னங்காலில் இருக்கிறது. மின்மினிகளில் ஒளிர்வுக்கும் மறுமொழிக்கும் இடைப்பட்ட நேரமே அடையாளச் சொல். அதைப் போலி செய்து வேற்றின ஆண்களை வரவழைத்துத் தின்னும் ஃபோட்டூரிஸ் பெண்களும் உண்டு. அந்துப்பூச்சிகளின் அழைப்பு மணம். 1959இல் வேதியியலாளர் பூட்டெனான்ட் குழுவினர் பட்டுப்பூச்சியின் மணப்பொருளான பாம்பிகாலைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண் பூச்சிகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை: கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த ஒரு பெண்ணை வலைத்துணிக் கூண்டில் இரவில் வெளியே தொங்கவிட்டால், பட்டு அந்துகளின் உறவினங்களில் ஆண்கள் தாமாகவே வந்துசேரும்.

சில நடத்தைகளை உடல் நிலையோடு சேர்த்துக் குறிக்காவிட்டால் பயனில்லை. கும்பிடுபூச்சிப் பெண் ஆணைத் தின்பது எப்போதும் நிகழ்வதன்று. பசித்திருக்கும் பெண்ணிடம் அது கூடுகிறது. ஆகவே கூண்டில் வளர்ப்பவர் கடைசியாக எப்போது இரை கொடுத்தார் என்பதையும் எழுத வேண்டும். தொங்கீக்களில் ஆண் ஓர் இரையைப் பரிசாகக் கொண்டுவரும். பரிசு சிறிதாக இருந்தால் பெண் சில நிமிடங்களில் விலகிவிடும், பெரிதாக இருந்தால் சேர்க்கை இருபது நிமிடம்வரை நீளும். அங்கே நாம் அளக்க வேண்டியவை இரண்டு: நேரமும் இரையும். பாச்சை சேர்ந்து பிரிந்ததும் பெண்ணின் பின்முனையில் வெண்மணி போன்ற ஒரு பை ஒட்டியிருக்கும். அதுதான் விந்துப்பொதி. பெண் சிறிது நேரத்தில் குனிந்து அதைத் தின்றுவிடும் என்பதால், பாடம் செய்ய நினைப்பவர் அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

பிடிப்பதும் கொல்வதும்

படமும் குறிப்பும் போதுமானவையாக இருந்தால் பிடிக்காமல் விட்டுவிடுவதே என் வழக்கம். எடுத்தாக வேண்டுமென்றால், காப்புப் பட்டியலில் உள்ள இனமா, அந்த இடத்தில் சேகரிக்க அனுமதி வேண்டுமா என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சோடியை வலையால் விசிறாமல், அகன்ற வாய்க் குப்பியை அடியிலிருந்து மெதுவாக உயர்த்தி மூடியால் மேலே மூடிப் பிடிப்பது நல்லது. ஒரு குப்பியில் ஒரு சோடிக்கு மேல் கூடாது. அப்போதே எண்ணிட்ட சிறு தாளை உள்ளே போட்டுவிட வேண்டும். பெரும்பாலான சோடிகள் இதற்குள் பிரிந்துவிடும். கவலைப்படத் தேவையில்லை, ஒரே குப்பியில் இருக்கும்வரை தொடர்பு காக்கப்படுகிறது.

வீட்டில் செய்யக்கூடிய மிகப் பாதுகாப்பான கொல்முறை உறைபெட்டிதான். சிறியவற்றுக்கு ஓர் இரவும் பெரிய வண்டுகளுக்கு இரண்டு மூன்று நாளும் வைக்கலாம். களத்தில் எத்தில் அசிட்டேட் சில சொட்டு ஊற்றிய பஞ்சு அடைத்த கண்ணாடிப் புட்டி பயன்படும். அது எளிதில் தீப்பற்றும், சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், அறைக்குள் மூச்சோடு இழுக்கக் கூடாது. உறுப்புகள் பொருந்திய நிலையிலேயே வேண்டும் என்றால் சாவு ஒரே கணத்தில் நிகழ வேண்டும். ஆய்வகங்களில் இதற்குத் திரவ நைட்ரஜன் உண்டு; மற்றவர்கள் கொதிக்குமுன் இறக்கிய வெந்நீரில் சிறு வண்டுச் சோடியைச் சட்டென மூழ்கடித்துப் பின் ஆல்கஹாலுக்கு மாற்றலாம். எல்லாச் சோடிகளும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. செதில் இறக்கையுடைய வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துக்கும் இது அறவே ஆகாது.

தட்டான்களின் நிறம் செத்தபின் விரைவாக மங்கிப் பழுப்பாகும். அதனால் அவற்றை இறக்கைகளை மேலே மடித்துக் காகித உறையில் சில மணி நேரம் உயிருடன் வைத்துக் குடலைக் காலிசெய்ய விட்டு, பிறகு அசிட்டோனில் ஒரு நாள் ஊறவைத்து, எடுத்து உலர்த்துவார்கள். அசிட்டோன் நீரையும் கொழுப்பையும் இழுத்துவிடுவதால் நிறம் பெரும்பாலும் நிலைக்கும். உடல் மட்டும் நொறுங்கும் தன்மை பெறும். அடுப்போ தீப்பொறியோ அருகில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். மென்மையான உடல் கொண்ட அசுவினி, கறையான், இளம்புழுக்கள் ஆகியவற்றை 70 முதல் 80 சதவீத எத்தனாலில் வைக்கலாம். மரபணு ஆய்வுக்கு என்றால் 95 சதவீதத்துக்குக் குறையாமலும் குளிரிலும் வைக்க வேண்டும்.

ஊசி குத்துதல்

தையல் குண்டூசி துருப்பிடித்து மாதிரியைக் கெடுத்துவிடும். பூச்சிக்கென்றே செய்யப்படும் 38 மி.மீ. நீளமுள்ள துருப்பிடிக்காத ஊசிகளில் 2 அல்லது 3ஆம் எண் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். வண்டுக்கு வலது இறக்கையுறையின் முன்பகுதியில், நாவாய்ப்பூச்சிக்கு முதுகு முக்கோணத்தின் வலப்புறத்தில், ஈ, குளவி, தேனீக்களுக்கு மார்பின் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம், வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துக்கும் மார்பின் நட்டநடுவில் குத்துவது வழக்கம். வலப்பக்கம் சேதமானாலும் இடப்பக்க அடையாளங்கள் முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே காரணம். ஊசிக்குத் தாங்காத சிறியவற்றைக் கெட்டி அட்டையில் வெட்டிய சிறு முக்கோணத்தின் நுனியில் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். நீரில் கரையும் பசையே வேண்டும், பின்னாளில் எடுக்க நேரும்.

உலர்ந்து விறைத்த மாதிரியை வளைக்க முயன்றால் கால் உடையும். மூடிய டப்பாவில் ஈரமணலின் மேல் ஒரு தட்டு வைத்து, அதில் மாதிரியை ஓரிரு நாள் வைத்தால் இளகிவிடும். பூஞ்சை பிடிக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்.

சோடியை ஒரே ஊசியில் ஏற்றுவதா, இரண்டில் ஏற்றுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிரியாமல் இறந்த சோடியை ஒன்றாகவே வைக்கலாம். பிரிந்துவிட்டவற்றை நான் இரண்டு ஊசிகளில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் முழு விவரச்சீட்டும், ‘சோடி 14, ஆண்’, ‘சோடி 14, பெண்’ என்று தனிச்சீட்டும் வைக்கிறேன். தொடக்க ஆண்டில் இதைச் செய்யாமல், பூ ஈக்களைப் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என அடுக்கிவைத்தேன். ஆறு சோடிகள் பன்னிரண்டு தனி ஈக்களாகிவிட்டன. அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

சீட்டில் இடம், ஆயத்தொலைவு, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், பிடித்தவர் பெயர், பிடித்த முறை ஆகியவை வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாளும் மாதமும் இடம் மாறிக் குழப்பாது. ‘இணைசேர்ந்த நிலையில் பிடித்தது’ என்ற வரியும், குறிப்பேட்டின் பக்க எண்ணும் இருக்க வேண்டும். ஆல்கஹால் குப்பிக்குள் பென்சிலால் எழுதிய சீட்டைப் போடுங்கள். பந்துமுனைப் பேனா மை கரைந்து, வெற்றுத்தாள் மிஞ்சும்.

இனத்தை உறுதிசெய்தல்

வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத பல இனங்களை ஆணின் புணர்ச்சி உறுப்புகளைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள். இந்த உறுப்புகள் இனத்துக்கு இனம் இவ்வளவு மாறுவது ஏன் என்பதற்கு, பூட்டும் சாவியும்போல் தன்னினத்துக்கு மட்டுமே பொருந்துகின்றன என்ற விளக்கத்தை 1844இல் லியோன் துஃபூர் என்ற பூச்சியியலாளர் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் பெண்ணின் தேர்வும் ஆண்களின் விந்துப் போட்டியும் பெரும் பங்கு வகிப்பதைக் காட்டியுள்ளன. விளக்கம் எதுவானாலும் அடையாளம் காண்பவருக்கு அந்த மாறுபாடு பெரும் உதவி.

செய்முறை இதுதான்: இளக்கிய மாதிரியின் வயிற்று நுனியைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அறை வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால் தசையும் கொழுப்பும் கரைந்து, கடினமான பகுதிகள் மட்டும் தெளிவாக நிற்கும். சிறியவற்றுக்குச் சில மணி நேரமே போதும். மிகுதியாக ஊறினால் மென்சவ்வுகள் போய்விடும். பிறகு நீரில் அலசி, சில சொட்டு வினிகர் கலந்த நீரில் காரத்தை முறித்து, கிளிசரினில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். பார்த்து முடித்த உறுப்பை, கிளிசரின் நிரப்பிய மிகச் சிறிய குப்பியில் இட்டு, அதன் அடைப்பானின் வழியே அதே ஊசியைக் குத்தி மாதிரியின் கீழேயே நிறுத்திவிடுவார்கள். சோடியில் ஆணின் உறுப்பால் இனம் உறுதியானதும், உறுப்பு அடையாளம் இல்லாத பெண்ணுக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. சோடியைப் பிடித்த பயன் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கைக்கு வரும். பெண்ணின் சீட்டில் ‘ஆணைக் கொண்டு தீர்மானித்தது’ என்று எழுதிவிடுவது நேர்மை.

பெட்டியில்

இறுக்கமாக மூடும் பெட்டி, வெளிச்சமும் ஈரமும் படாத இடம், இவ்விரண்டும் இருந்தால் உலர்ந்த மாதிரி நூறாண்டு கடந்தும் நிற்கும். எதிரி ஆந்த்ரினஸ் போன்ற சிறு வண்டுகளின் மயிர் நிறைந்த புழுக்கள். மாதிரியின் நேர்கீழே நுண்ணிய பழுப்புத்தூள் கண்டால் அதைக் காற்று தூசி என்று ஊதிவிடாதீர்கள். உள்ளே புழு தின்றுகொண்டிருக்கிறது. பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியசில் ஒரு வாரம் உறையவைத்து, வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். இல்லையேல் நீர் வியர்த்து இறக்கைகள் நனையும். முன்பு எல்லோரும் அந்துருண்டை வைத்தார்கள். அதன் ஆவி உடலுக்குத் தீங்கு என்பதால் நான் விட்டுவிட்டேன்.

பெட்டியைத் திறந்து மூடும்போது வயிறோ காலோ உடைந்து விழுவது சகஜம். விழுந்த துண்டு எந்த ஊசிக்குரியது என்று ஐயமறத் தெரிந்தால் சிறு காகித உறையில் அல்லது மாத்திரைக் கூட்டில் இட்டு அதே ஊசியில் கோத்துவிடுங்கள். ஐயம் இருந்தால் ஒட்டாதீர்கள். தனி உறையில், ‘சோடி 14 அல்லது 15’ என்று எழுதி, பெட்டியின் மூலையில் குத்திவையுங்கள்.